தட்டிய எழுத்து ஏன் பின்னால் வருகிறது? டெக்ஸ்ட் எடிட்டர் திரையை வரையும் விதம்

மதுரையில் டிடிபி கடை, டைப்பிங் சென்டர், பத்திர எழுத்தர் அலுவலகம் என்று எங்கே போனாலும் ஒரு பழக்கத்தைப் பார்க்கலாம். கம்ப்யூட்டர் கொஞ்சம் திணறினால் போதும், டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து 'ரெஃப்ரெஷ்' அடிப்பார்கள். ஒரு தடவை இல்லை, ஐந்தாறு தடவை. அப்படி அடித்தால் மெமரி காலியாகி வேகம் கூடும் என்று ஒரு நம்பிக்கை. அந்த ரெஃப்ரெஷ் செய்கிற வேலை, டெஸ்க்டாப்பில் இருக்கும் ஃபைல்களின் பட்டியலை மறுபடி படித்து ஐகான்களை மறுபடி வரைவது மட்டும்தான். அதனால் ரேம் காலியாவதும் இல்லை, வேகம் கூடுவதும் இல்லை.

எழுத்தைத் தட்டவும் திருத்தவும் பயன்படும் டெக்ஸ்ட் எடிட்டர் விஷயத்திலும் இதே மாதிரியான பேச்சுதான் ஓடுகிறது. 'எழுத்து தட்டினால் பின்னாலேயே வருது' என்று ஒருவர் சொன்னதும், 'ரேம் பத்தல' என்பார் ஒருவர். 'எஸ்எஸ்டி மாத்துங்க' என்பார் இன்னொருவர். 'யூனிகோடு வந்ததுலேருந்தே இப்படித்தான்' என்று மூன்றாவது ஆள் முடித்து வைப்பார். கடைசியில் சில ஆயிரம் ரூபாய் செலவாகும், எழுத்து மட்டும் பழையபடி பின்னால்தான் வரும். நாள் முழுக்கத் தட்டிப் பிழைக்கிறவர்களுக்கு இது சின்ன விஷயமே இல்லை. அதனால் எடிட்டர் திரையை எப்படி வரைகிறது, எங்கே தாமதிக்கிறது, அதை நாமே எப்படிக் கண்டுபிடிப்பது என்று அடியிலிருந்து பார்ப்போம். புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

## திரைக்கு எழுத்து தெரியாது

நாம் 'அ' என்று வாசிப்பது திரையைப் பொறுத்தவரை வெறும் புள்ளிகள். ஒரு புள்ளிக்குப் பெயர் பிக்சல். ஃபுல் எச்டி திரையில் குறுக்கே 1920, மேலிருந்து கீழாக 1080 பிக்சல்கள். பெருக்கினால் 20,73,600. ஒரு பிக்சலின் நிறத்தைக் குறிக்க 4 பைட் என்று வைத்துக்கொண்டால், ஒரு முழுத் திரைக்கு ஏறக்குறைய 83 லட்சம் பைட். 4கே திரை என்றால் இதைப்போல நான்கு மடங்கு.

மானிட்டர் இந்தப் புள்ளிகளை விநாடிக்கு இத்தனை முறை என்று திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டே இருக்கும். சாதாரண மானிட்டரில் விநாடிக்கு 60 முறை. ஒருமுறை காட்டப்படும் முழுப் படம் ஒரு ஃபிரேம். 1000 மில்லி விநாடியை 60ஆல் வகுத்தால், ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி விநாடி. நீங்கள் ஒரு கீயைத் தட்டியதும் எடிட்டர் தன் வேலையை இந்த நேரத்துக்குள் முடித்துவிட்டால் அடுத்த ஃபிரேமிலேயே எழுத்து வந்துவிடும். இரண்டு மூன்று ஃபிரேம் தள்ளிப் போனாலும் பலருக்குத் தெரியாது. 100 மில்லி விநாடியைத் தாண்டினால்தான், அதாவது பத்தில் ஒரு விநாடிக்கு மேல் போனால்தான், 'இழுக்குது' என்ற எண்ணம் வருகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மானிட்டர் விநாடிக்கு 60 முறை காட்டுகிறது என்றால் எடிட்டரும் 60 முறை வரைகிறது என்று பொருள் இல்லை. மானிட்டர் காட்டுவது மெமரியில் ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கும் படத்தை. நீங்கள் எதுவும் தட்டாமல் சும்மா இருந்தால் நல்ல எடிட்டரும் சும்மா இருக்கும். வரைய வேண்டியது எடிட்டர், காட்ட வேண்டியது மானிட்டர். எடிட்டர் வரையவே 200 மில்லி விநாடி எடுத்தால், விநாடிக்கு 144 முறை காட்டும் கேமிங் மானிட்டர் வாங்கி வைத்தாலும் அந்த எழுத்து அதே தாமதத்தோடுதான் வரும்.

## பூ மார்க்கெட் விலைப்பலகை

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கடை. கரும்பலகையில் சாக்பீஸால் விலை எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மல்லி, பிச்சி, முல்லை, கனகாம்பரம், சம்பங்கி, அரளி என்று வரிசையாக இருபது வரி. முகூர்த்த நாள். மல்லி விலை மணிக்கு ஒரு தடவை மாறுகிறது.

மல்லி 800லிருந்து 900 ஆகிறது. எழுதுகிற பையன் என்ன செய்வான்? மல்லி வரியில் இருக்கும் 800ஐ மட்டும் அழித்துவிட்டு 900 என்று எழுதுவான். பலகை முழுவதையும் துடைத்துவிட்டு இருபது வரியையும் முதலிலிருந்து எழுத மாட்டான். எடிட்டரும் இப்படித்தான் இருக்க வேண்டும். திரையில் எந்தச் சதுரத்துக்குள் மாற்றம் நடந்ததோ, அதற்கு மட்டும் 'இது பழசாகிவிட்டது, மறுபடி வரை' என்று ஒரு குறி வைக்கும். இப்படிக் குறி வைக்கப்பட்ட இடத்தை அழுக்குப் பகுதி என்று சொல்வோம். அழுக்குப் பகுதியை மட்டும் வரைந்தால் வேலை கொஞ்சம்தான். ஒரு எழுத்து மாறியதற்கு முழு ஜன்னலையும் அழுக்கு என்று குறித்தால் வேலை பல நூறு மடங்கு கூடும். ஆனால் பார்வைக்கு இரண்டுமே ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால்தான் இந்தக் கோளாறு பல வருடம் ஒளிந்தே இருக்கிறது. சின்னத் திரையில் யாருக்கும் தெரியாது, பெரிய 4கே மானிட்டர் வாங்கிய அன்றைக்கு வெளியே வரும்.

அடுத்தது. பையன் சாக்பீஸை எடுப்பதற்குள் மல்லி 900, 950, 920 என்று மூன்று முறை மாறிவிட்டது. அவன் மூன்றையும் எழுதி எழுதி அழிக்க வேண்டியதில்லை. கடைசி விலையான 920ஐ மட்டும் எழுதினால் போதும். இப்படிப் பல மாற்றங்களைச் சேர்த்து ஒரே தடவையில் வரைவதும் நல்ல எடிட்டரின் குணம். விண்டோஸ் இதற்கு வசதியே செய்து வைத்திருக்கிறது. ஒரு புரோகிராமுக்கு வரும் செய்திகளில் 'வரை' என்ற செய்தி மற்ற கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் பின்னால்தான் நிற்கும். கீ தட்டியது, மவுஸ் நகர்ந்தது என்று வரிசையில் உள்ள எல்லாம் தீர்ந்த பிறகு ஒரே ஒரு முறை வரைந்தால் போதும். சில புரோகிராம்கள் இந்த ஏற்பாட்டை மீறி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 'இப்பவே வரை' என்று கட்டாயப்படுத்துகின்றன.

இதை நீங்களே பார்க்கலாம். ஒரு பெரிய ஃபைலில் கீழ் அம்புக்குறியை அழுத்திப் பிடியுங்கள். கையை எடுத்த பிறகும் கர்சர் தானாக ஓடிக்கொண்டே இருந்தால், எடிட்டர் சேர்த்து வரையவில்லை என்று பொருள். அழுத்திப் பிடித்த கீ விநாடிக்குச் சுமார் 30 முறை திரும்ப வருகிறது. ஒவ்வொரு தடவை வரைய 80 மில்லி விநாடி ஆகிறது என்றால் 30 தடவைக்கு 2.4 விநாடி. ஒரு விநாடிதான் அழுத்தினீர்கள், மீதி 1.4 விநாடி வேலை பாக்கி. அந்தப் பாக்கிதான் கையை எடுத்த பிறகு ஓடுகிறது.

பலகையிலேயே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. முழுப் பலகையையும் துடைத்து எழுதியே ஆக வேண்டும் என்றால், துடைத்த நொடியில் வாங்க வந்தவர்கள் காலிப் பலகையைப் பார்ப்பார்கள். திரையில் இதுதான் மினுக்கல். பின்னால் இன்னொரு பலகையில் எழுதி முடித்துவிட்டு, இதைக் கழற்றி அதை மாட்டினால் யாருக்கும் காலிப் பலகை தெரியாது. கம்ப்யூட்டரில் இந்த இரண்டாம் பலகைக்கு இரட்டை பஃபர் என்று பெயர். மினுக்கல் போகும், ஆனால் வேலை குறையாது. மினுக்கல் இல்லை என்பதால் எடிட்டர் கொஞ்சமாகத்தான் வரைகிறது என்று எண்ணிவிடக் கூடாது.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் ஒரு புரோகிராம் ஹேங் ஆகும்போது, அதன்மேல் இன்னொரு ஜன்னலை இழுத்தால் அந்த ஜன்னல் தடம் தடமாக ஒட்டிக்கொண்டு போகும், ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு எல்லா புரோகிராமும் ஒரே பலகையில் நேரடியாக எழுதின. மேலே இருந்த ஜன்னல் நகர்ந்ததும், கீழே இருந்த புரோகிராமிடம் 'உன் பகுதி அழுக்காகிவிட்டது, வரை' என்று விண்டோஸ் சொல்லும். அதுவோ ஹேங் ஆகிக் கிடக்கிறது, யார் வரைவது? விஸ்டாவிலிருந்து ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனிப் படத்தை மெமரியில் வைத்து, எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும் முறை வந்தது. அப்புறம் அந்தத் தடங்கள் மறைந்தன.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: நல்ல எடிட்டர் மாறிய இடத்தை மட்டும் வரையும், பல மாற்றங்களைச் சேர்த்து வரையும், பின்னால் வரைந்து முன்னால் காட்டும். முதல் இரண்டில் ஒன்று தவறினாலும் எழுத்து இழுக்கும்.

## சிக்கனம் அன்றே தொடங்கியது

இந்த யோசனைகள் புதியவை அல்ல. 1970களில் டெர்மினல் என்ற திரையைத் தொலைபேசி இணைப்பில் மாட்டித்தான் பலர் வேலை செய்தார்கள். 300 பாட் வேகத்தில் விநாடிக்கு 30 எழுத்துதான் வந்து சேரும். 80 எழுத்து அகலம், 24 வரி உள்ள திரையை நிரப்ப 1920 எழுத்து வேண்டும். கணக்குப் போட்டால் 64 விநாடி. ஒரு எழுத்து மாறியதற்கு முழுத் திரையையும் வரைந்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். பில் ஜாய் 1976ல் எழுதிய விஐ எடிட்டரின் சுருக்கமான கட்டளைகளுக்குப் பின்னால் இந்த மெதுவான இணைப்புதான் இருக்கிறது. பின்னாளில் ஜாவாவை உருவாக்கிய ஜேம்ஸ் காஸ்லிங், 1981ல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார். இப்போது திரையில் இருப்பதை, இருக்க வேண்டியதாக மாற்ற மிகக் குறைவாக எதை அனுப்பினால் போதும் என்பதுதான் அதன் விஷயம்.

இன்றைக்கும் எனிடெஸ்க் மாதிரி ஒன்றின் வழியாகத் தூரத்துக் கம்ப்யூட்டரில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். எடிட்டர் தேவையில்லாமல் மாற்றி வரைகிற ஒவ்வொரு பகுதியும் நெட் வழியாக வந்தாக வேண்டும்.

## வரைவதற்கு முன் அடுக்க வேண்டும்

பலகையில் எழுதும் பையனுக்கு எந்த எழுத்து எங்கே வரும் என்று யோசிக்க வேண்டியதில்லை. எடிட்டருக்கு அப்படி இல்லை. எந்த எழுத்து எந்த வடிவத்தில், எந்த இடத்தில் உட்கார வேண்டும், வரி எங்கே மடங்க வேண்டும் என்று முதலில் கணக்கிட வேண்டும். இந்தக் கணக்குக்கு லேஅவுட் என்று பெயர். என் அனுபவத்தில், 'திரை ஸ்லோ' என்ற புகாரில் பெரும்பாலும் திரையை வரைவது குற்றவாளி இல்லை, லேஅவுட்தான்.

தமிழில் இது இன்னும் சுவாரசியமானது. 'மதுரை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடு தரும் யூனிகோடு முறையில் இது மெமரியில் 5 குறியீடுகளாக இருக்கிறது: ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி. அந்த வரிசையில் அப்படியே வரைந்தால் 'மதுரை' வராது. தகரத்தையும் உகரக் குறியையும் சேர்த்து 'து' என்ற ஒரே வடிவம் ஆக்க வேண்டும். ரகரத்துக்குப் பின்னால் இருக்கும் ஐகாரக் குறியைத் தூக்கி ரகரத்துக்கு முன்னால் வைக்க வேண்டும். 'கோயில்' என்றால் இன்னும் ஒரு படி மேலே. ஓகாரக் குறி மெமரியில் ஒன்றுதான். திரையில் அது இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இரு பக்கமும் உட்கார வேண்டும். இப்படிக் குறியீடுகளை வடிவங்களாக மாற்றி அடுக்குவதை ஷேப்பிங் என்பார்கள். ஃபயர்பாக்ஸ், குரோம், லிப்ரே ஆபிஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் இந்த வேலையைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற இலவச மென்பொருள். விண்டோஸில் டைரக்ட்ரைட், மேக்கில் கோர் டெக்ஸ்ட் என்று அதனதன் சொந்த ஏற்பாடுகளும் உண்டு.

பாமினி மாதிரிப் பழைய ஃபாண்ட்களில் இந்த வேலையே கிடையாது. 'து' என்ற வடிவத்துக்கு ஒரு கீ, ஐகாரக் கொம்புக்கு ஒரு கீ. கொம்பை முதலில் தட்டிவிட்டு அப்புறம் ரகரத்தைத் தட்ட வேண்டும். கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அதே வரிசையில் மெமரியிலும் இருக்கும். கம்ப்யூட்டர் அதை ஆங்கில எழுத்துகள் என்றே நினைத்து வரைந்துவிடும். அதனால்தான் 'பாமினியில வேகமா இருந்துச்சு, யூனிகோடுல இழுக்குது' என்று சொல்கிறவர்கள் சும்மா சொல்லவில்லை. வேலை கூடியது உண்மைதான். ஆனால் எவ்வளவு கூடியது? சாதாரண நீளமுள்ள ஒரு வரியை ஷேப்பிங் செய்ய இன்றைய பிராசசருக்கு ஒரு மில்லி விநாடிகூட ஆகாது. கையில் இருப்பது 16.7. ஒரு வரிக்கான வேலை ஒரு வரியோடு நின்றால் தமிழ் என்பதால் இழுக்கவே இழுக்காது. தேடுவது, அகர வரிசைப்படுத்துவது, வேறு இடத்தில் ஒட்டுவது என்று யூனிகோடு தரும் பலன்களை இந்தப் பழிக்குப் பயந்து விடக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு.

இன்னொரு சிறு செலவு ஃபாண்ட் தேடல். நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபாண்டில் தமிழ் இல்லை என்றால், சிஸ்டம் தானாக வேறு ஃபாண்டைத் தேடிப் போடும். பழைய விண்டோஸில் அது லதா, விண்டோஸ் 8லிருந்து நிர்மலா யுஐ. முதல் தமிழ் எழுத்து திரைக்கு வரும்போது ஒரு சின்ன இடறல் இருக்கலாம், அதன்பின் நினைவில் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் இடறினால் நிர்மலா யுஐ அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் என்று தமிழ் உள்ள ஃபாண்டை நேரடியாகவே வைத்துவிடுங்கள்.

சுருக்கமாக, கீ தட்டியதற்கும் எழுத்து தெரிவதற்கும் நடுவில் இரண்டு பெரிய வேலைகள்: அடுக்குவது, வரைவது. அடுக்கும் வேலை எழுத்துகளின் எண்ணிக்கையோடு கூடும். வரையும் வேலை பிக்சல்களின் எண்ணிக்கையோடு கூடும். இந்த வித்தியாசம்தான் கண்டுபிடிப்பதற்கான சாவி.

## தலைக்கட்டு வரிப் பட்டியல்

சிம்மக்கல் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் கூப்பிட்டிருந்தார். மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரிப் பட்டியல். பாமினியில் இருந்த பழைய ஃபைலை கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக மாற்றி, பெயர்களைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் அடுத்த பேருக்குப் போயிட்டேன், எழுத்து இப்பத்தான் வருது பாருங்க. எட்டு ஜிபி ரேம் பத்தாதாம், பதினாறு போடச் சொல்றாங்க" என்றார்.

ஃபைலின் அளவைப் பார்த்தேன். 9 லட்சம் பைட்டுக்குப் பக்கம். யூனிகோடை யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். ஆக உள்ளே இருப்பது 3 லட்சம் குறியீடு. மொத்தமே ஒரு எம்பிகூட இல்லை. 8 ஜிபி ரேமில் இது ஒரு மூலைக்குக் காணாது. ரேம் பேச்சு அங்கேயே முடிந்தது.

எடிட்டர் ஜன்னலைக் கால் பங்காகச் சுருக்கிவிட்டுத் தட்டச் சொன்னேன். தாமதம் துளியும் குறையவில்லை. வரையும் வேலைதான் காரணம் என்றால், பிக்சல் கால் பங்கானதும் தாமதமும் நன்றாகக் குறைந்திருக்க வேண்டும். அப்புறம் புது ஃபைல் திறந்து, ஒரு தெருவின் பெயர்களை மட்டும் ஒட்டித் தட்டினால் எழுத்து உடனே வந்தது. அதே எடிட்டர், அதே ஃபாண்ட், அதே தமிழ். அப்படியானால் எடிட்டரையோ யூனிகோடையோ சொல்லிப் பயனில்லை, இந்த ஃபைலில் ஏதோ இருக்கிறது.

கண்ணில் பட்டது கீழே இருந்த ஸ்டேட்டஸ் பார். கர்சர் பட்டியலின் நடுவில் எங்கேயோ நிற்கிறது, ஆனால் அங்கே 'வரி 1' என்று போட்டிருந்தது. பக்கத்தில் எழுத்து எண் லட்சத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. வரி மடக்கும் வசதியை அணைத்ததும் பட்டியல் முழுவதும் ஒரே கோடாகப் பக்கவாட்டில் நீண்டுவிட்டது. கன்வெர்ட்டர் மாற்றும்போது வரி முடிவுக் குறிகளை விழுங்கிவிட்டது. வரி மடக்குதல் இருந்ததால் திரையில் வரிசையாகத் தெரிந்ததே தவிர, எடிட்டரின் கணக்கில் அது ஒரே ஒரு வரி, 3 லட்சம் எழுத்து நீளம்.

ஏன் இது இழுக்கும்? பெரும்பாலான எடிட்டர்கள் லேஅவுட் கணக்கை வரி வரியாகப் போட்டு நினைவில் வைத்துக்கொள்கின்றன. ஒரு வரியில் எழுத்து மாறினால் அந்த வரிக்கு மட்டும் கணக்கை அழித்துவிட்டு மறுபடி போடும். 60 எழுத்து வரியில் இது அருமையான ஏற்பாடு. ஃபைலே ஒரு வரி என்றால், ஒவ்வொரு கீக்கும் 3 லட்சம் எழுத்தையும் முதலிலிருந்து ஷேப்பிங் செய்து, மடித்து, அடுக்க வேண்டும். திரையில் தெரிவது ஐம்பது அறுபது பெயர்தான் என்பது அதற்குப் பொருட்டே இல்லை.

நல்லவேளையாக, ஒவ்வொரு குடும்பத்தின் பெயருக்குப் பிறகும் அரைப்புள்ளி இருந்தது. அரைப்புள்ளி வரும் இடமெல்லாம் வரி முடிவு என்று மாற்றிவிட்டோம். அடுத்த கீயிலிருந்தே எழுத்து கையோடு வந்தது.

"இவ்வளவுதானா? நான் கம்ப்யூட்டரையே மாத்தணும்னு நெனச்சேன் தம்பி."

நீளமான வரி என்பது உலகறிந்த நோய். ஈமாக்ஸ் எடிட்டர் பல வருடம் இதில் திணறியது. 2023ல் வந்த 29ஆம் பதிப்பில்தான் நீள வரிகளைக் கையாளும் முறையை உள்ளேயே மாற்றினார்கள். புரோகிராம் எழுதுபவர்கள் பயன்படுத்தும் விஎஸ் கோட் எடிட்டர் வேறு வழியில் தப்பிக்கிறது. அதன் வழக்கமான அமைப்பில், ஒரு வரி 10,000 எழுத்தைத் தாண்டினால் மீதியை வரைவதையே நிறுத்திவிடும். 20,000 தாண்டினால் அந்த வரிக்கு நிறம் பிரிப்பதும் இல்லை, அதாவது சொற்களை வகைக்கு ஒரு நிறத்தில் காட்டுவதும் இல்லை.

## சும்மா இருக்கும்போதும் வேலை

எதுவும் தட்டாதபோது எடிட்டர் சும்மா இருக்க வேண்டும் என்று மேலே சொன்னேன். 2017ல் விஎஸ் கோட் அப்படி இல்லை என்று ஒருவர் கண்டுபிடித்தார். ஜன்னல் திறந்து வைத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலே சிபியு, அதாவது பிராசசரின் உழைப்பு, 13 சதவீதம் போனது. காரணம் கர்சர் சிமிட்டல். ஒரு விநாடிக்கு இரண்டு மாற்றம் போதும், தெரிவதும் மறைவதும். ஆனால் சிமிட்டலை உலாவியின் அனிமேஷன் வசதியால் செய்திருந்தார்கள். விஎஸ் கோட் உள்ளே குரோமின் இன்ஜினில்தான் ஓடுகிறது. அந்த இன்ஜின் அனிமேஷன் என்றதும் விநாடிக்கு 60 முறை வேலை பார்த்தது. கர்சரைச் சிமிட்டாமல் வைத்தால் சிபியு இறங்கியது. பின்னால் மென்பொருளையும் திருத்தினார்கள். லேப்டாப் பேட்டரி சீக்கிரம் தீர்வதற்கு இந்த மாதிரிச் சின்ன விஷயங்களும் காரணமாகலாம்.

## நீங்களே கண்டுபிடிக்கும் வழி

முதல் கேள்வி: இந்த எடிட்டர் மட்டும் இழுக்கிறதா, எல்லாமே இழுக்கிறதா? ஜன்னலை இழுப்பது, பிரவுசரில் மேலும் கீழும் நகர்த்துவது, எல்லாம் திணறினால் எடிட்டரை விட்டுவிடுங்கள். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர் என்ற இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால், கிராபிக்ஸ் டிரைவர் போடாமலே விண்டோஸ் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அசெம்பிள் செய்த, செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர்களில் இதைப் பார்க்கலாம். சரியான டிரைவர் போட்டால் தீர்ந்தது.

எடிட்டர் மட்டும் என்றால், எல்லா ஃபைலிலுமா, ஒரு ஃபைலில் மட்டுமா? ஒரு ஃபைலில் மட்டும் என்றால் வரி நீளத்தைப் பாருங்கள். எல்லா ஃபைலிலும் என்றால் கூடுதலாகப் போட்ட பிளக்இன், எக்ஸ்டென்ஷன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். பெரும்பாலான எடிட்டர்களில் இதற்கு வழி இருக்கிறது. எழுத்துப் பிழை பார்ப்பது, நிறம் பிரிப்பது, பக்கவாட்டில் ஃபைல் முழுவதையும் பொடியாகக் காட்டும் குட்டி வரைபடம் ஆகியவை ஒவ்வொரு கீக்கும் வேலை செய்யக் கூடியவை. நிறம் பிரிப்பதில் ஒரு விசேஷம்: சி போன்ற புரோகிராமிங் மொழிகளில் குறிப்பு தொடங்கும் அடையாளத்தை ஃபைலின் மேலே தட்டினால், மூடும் அடையாளம் வரும்வரை கீழே உள்ள எல்லா வரியின் நிறமும் மாற வேண்டும். ஒரு எழுத்துத் திருத்தம், ஆயிரம் வரிக்கு வேலை. அங்கே ஒரு நொடி இழுத்தால் அது நியாயமான தாமதம்தான்.

அப்புறம் ஜன்னலைச் சுருக்கும் சோதனை. சுருக்கியதும் தாமதம் குறைந்தால் வரைவதில் கோளாறு, குறையாவிட்டால் அடுக்குவதிலோ வேறு கணக்கிலோ கோளாறு. செலவில்லாத சோதனை, அரை நிமிடம்கூட ஆகாது. சுருக்கும்போது வரி மடங்கும் இடங்களும் மாறும் என்பதால், மடக்கும் வசதியை அணைத்துவிட்டுச் செய்தால் விடை இன்னும் தெளிவாக இருக்கும்.

டாஸ்க் மேனேஜரைப் பார்ப்பதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தட்டும்போது எடிட்டர் 25 சதவீதம் சிபியு எடுப்பதாகக் காட்டும். 'முக்கால்வாசி சும்மாத்தானே இருக்கு' என்று தோன்றும். பிராசசருக்குள் நான்கு கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் நான்கு பகுதிகள் இருந்தால், 25 சதவீதம் என்பது ஒரு கோர் முழுக்க மூச்சுவிடாமல் ஓடுகிறது என்பதற்கான எண்ணாக இருக்கலாம். எட்டு என்றால் அது 12.5 சதவீதம். எடிட்டரில் கீயை வாங்கி, அடுக்கி, வரையச் சொல்வது பெரும்பாலும் ஒரே கோரில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கிறது. மற்ற கோர்கள் சும்மா இருப்பதால் பயன் இல்லை.

எங்கே வரைகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கவும் முடியும். விஎஸ் கோடில் ஹெல்ப் மெனுவில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, ரெண்டரிங் என்ற பகுதியில் பெயிண்ட் ஃபிளாஷிங்கை இயக்குங்கள். மறுபடி வரையப்படும் இடம் எல்லாம் பச்சையாக மின்னும். ஒரு எழுத்து தட்டினால் அந்த வரி பக்கம் மட்டும் மின்ன வேண்டும். ஜன்னல் முழுக்கப் பச்சை அடித்தால் பையன் முழுப் பலகையையும் துடைக்கிறான் என்று தெரிந்துவிடும்.

இதற்கு மேல் துல்லியமாகத் தெரிய வேண்டும் என்றால் ப்ரொஃபைலர். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை விநாடிக்குப் பல நூறு முறை எட்டிப் பார்த்து, 'இப்போது எந்த வேலையில் இருக்கிறது' என்று குறித்து வைக்கும் கருவி அது. இறுதியில் எந்த வேலைக்கு எத்தனை சதவீத நேரம் போனது என்று பட்டியல் கொடுக்கும். ஈமாக்ஸ் தன்னுள்ளேயே ஒன்றை வைத்திருக்கிறது, லினக்ஸில் பெர்ஃப் இருக்கிறது. முக்கியமானது, ஓட விட்டுவிட்டு இழுக்கும் காரியத்தையே திரும்பத் திரும்பச் செய்வது. சும்மா உட்கார்ந்திருந்தால் பட்டியலில் சும்மா இருந்ததுதான் வரும்.

கோளாறு எடிட்டரிலேயே இருக்கிறது என்று தெரிந்தால், அதை எழுதியவர்களுக்குச் சொல்ல வேண்டும். 'ஸ்லோவா இருக்கு' என்று மட்டும் சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. இழுக்கும் ஃபைலை எடுத்து நகல் போட்டு, பாதியை வெட்டுங்கள். இன்னும் இழுக்கிறதா? மறுபடி பாதி. எந்தச் சின்ன ஃபைலோடு கோளாறு நிற்கிறதோ, அதுதான் அனுப்ப வேண்டிய ஃபைல். ஊர்க்காரர்களின் பெயரோ, வக்கீலின் மனுவோ உள்ளே இருக்கிறது, அப்படியே அனுப்ப முடியாது என்றால், எல்லா எழுத்தையும் 'க' என்று மாற்றிவிட்டுத் தட்டிப் பாருங்கள். அப்படியும் இழுத்தால் நீளம்தான் காரணம், அந்தக் ககர ஃபைலையே தாராளமாக அனுப்பலாம். இழுப்பு நின்றுவிட்டால் மாற்றும் முன் இருந்த எழுத்துகளில் ஏதோ ஒரு சேர்க்கையை எடிட்டர் சரியாகக் கையாளவில்லை. அப்போது பெயர்களுக்குப் பதில் திருக்குறளையோ கொன்றை வேந்தனையோ அதே நீளத்துக்கு ஒட்டி மறுபடி முயலலாம். தமிழின் எல்லாக் கொம்பும் காலும் புள்ளியும் அதில் வந்துவிடும். தமிழே தெரியாத ஒரு புரோகிராமரும் தன் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து கோளாறை நேரில் பார்க்க முடியும்.